ஆறு ஒதுங்கின பக்கம்

ஏம்மா, அந்த ஜன்னல் ஓரத்துல நீங்க உட்கார்ந்துக்கிறீங்களா? நான் இப்படி இந்தப் பக்கம் வந்துடறேன். காத்து வேணாம்னு இல்ல. இன்னும் கொஞ்சம் போனா பாலம் வரும். பாலத்தத் தாண்டினதும் பஸ்ஸு கொள்ளிடத்து வடகரை மேலயே போவும். ஆறு கூடவே வரும். என்னால அதப் பாக்க முடியாது. கை ரெண்டும் சில்லுனு ஆயிடும். தொட்டுப் பாருங்க, இப்பவே எப்படி இருக்குன்னு.

நல்லா இருப்பீங்க. நீங்க சிதம்பரம் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கணும்.

யாரையாவது ஆத்துல விட்டுட்டீங்களான்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. இல்லம்மா. எங்க வீட்டுல எல்லாரும் உசுரோடதான் இருக்கோம். அதனாலதான் என் பயம் யாருக்கும் புரியல. செத்துப்போனவங்க இருந்தா, பாவம், அதான் பயப்படுறான்னு சொல்லுவாங்க. ஒருத்தரும் சாவல. அப்புறம் என்னடி உனக்குன்னு எங்க வீட்டுக்காரரே கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? நேத்து தொட்டியில தண்ணி நெரம்பி வழிஞ்ச சத்தத்துக்கு எந்திரிச்சு வாசலுக்கு ஓடினேன். பட்டப்பகல்ல. பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா.

என் பேரு அமிர்தவல்லி. தென்கரையில கொன்றைமேடு எங்க ஊரு. பேருதான் மேடு. வயலெல்லாம் பள்ளம். எங்களுக்குச் சொந்தமா வயலும் கிடையாது. குத்தகைதான். எங்க வீட்டுக்காரரு கலியமூர்த்தி நல்ல உழைப்பாளி. அவரு மாதிரி மண்ணத் தெரிஞ்ச ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது. நான் சும்மா சொல்லல. ஆத்துலேருந்து நெலத்த எடுத்த ஆளும்மா அவரு.

எப்படின்னு கேக்குறீங்களா? என் பொண்ணு பூங்கோதை வயசுக்கு வந்த வருஷம் ஒரு பெரிய வெள்ளம் வந்துச்சு. வெள்ளம் வடிஞ்சப்ப பாத்தா, நடு ஆத்துல ஒரு மண்மேடு. எரும படுத்திருக்கிற மாதிரி முதுகு மட்டும் வெளிய தெரிஞ்சுது. எல்லாரும் பாத்துட்டுப் போயிட்டாங்க. இவரு மட்டும் இடுப்பளவு தண்ணியில எறங்கிப் போயி ஒரு கை மண்ண அள்ளிட்டு வந்து என்கிட்ட நீட்டுனாரு. "வல்லி, மோந்து பாருடி"ன்னாரு. வண்டலும்மா. அப்படி ஒரு வண்டல். மைசூருலேருந்தும் சேலத்துலேருந்தும் எந்தெந்த ஊரு மேல்மண்ணோ கழுவிட்டு வந்து நம்ம காலடியில கெடக்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.

மொத வருஷம் வெள்ளரி போட்டோம். அடுத்த வருஷம் கத்திரி. ஆனா ஒவ்வொரு தடவ தண்ணி வரப்பவும் பாதியக் கரைச்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் இவரு ஒரு காரியம் பண்ணாரு. திட்டோட மேல்தலையில, தண்ணி வந்து மோதுற எடத்துல, சவுக்குக் கட்டைய ஊனி, சீமக்கருவேல முள்ள வெட்டிப் பின்னிவிட்டாரு. தண்ணி வந்து முள்ளுல மோதினா வேகம் கொறையும். வேகம் கொறைஞ்சா தூக்கிட்டு வர்ற மண்ண அங்கயே எறக்கிட்டுப் போயிடும். அவ்வளவுதான் வித்தை. எருமையா இருந்தது ரெண்டு மூணு வருஷத்துல யானை ஆயிடுச்சு. நாணல் தானா மொளைச்சுது. ஓரத்துல மூங்கில வெச்சோம், வேரு பிடிச்சுக்கிட்டு மண்ண விடாதுன்னு. அப்புறம் வாழ. எங்களப் பாத்துட்டு இன்னும் நாலஞ்சு குடும்பம் வந்து கீழ்ப்பக்கமா முள்ளு கட்டுனாங்க. திட்டு நீண்டுக்கிட்டே போச்சு. இன்னைக்கி அது ஒரு தீவு மாதிரி இருக்கு. தூரத்துலேருந்து பாத்தா காடு.

ஆறு குடுத்துச்சு, நாங்க வாங்கிக்கிட்டோம். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே?

என் பொண்ண வடகரையில புங்கந்துறையில கட்டிக்குடுத்தோம். ஏன் அங்க குடுத்தோம்னா, எங்க திட்டுல நின்னு பாத்தா அவங்க வீடு தெரியும். மஞ்சக்கலர் வீடு. எங்க சம்பந்தியம்மா குணவதி, ரொம்ப நல்ல மனுஷி, கரைக்கு உள்பக்கமா, ஊருப் பக்கம், தரைய ஒசத்திக் கரைய ஒட்டியே வீடு கட்டியிருந்தாங்க. நான் வாழைக்கு மண்ணு அணைச்சுக்கிட்டே நிமிந்து பாப்பேன். கோதை கரை மேல கொடியில துணி போடும். என்னப் பாத்துட்டு முந்தானையத் தூக்கி ஆட்டும். நானும் ஆட்டுவேன். ஆத்தத் தாண்டிக் குடுத்தாலும் பொண்ணு கண்ணுலயே இருக்காளேன்னு எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியத்தாம்மா ஆறு தின்னுடுச்சு.

மொதல்ல துறை போச்சு. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் காலு கழுவுன படிக்கட்டு. ஒரு மழைக்காலத்துல ஒவ்வொரு படியா தொங்கிச்சு, அப்புறம் மொத்தமா சரிஞ்சுடுச்சு. அப்புறம் துறைக்கே பேரு குடுத்த புங்கமரம். வேரெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு ஒரு வருஷம் நின்னுச்சு, பாக்கவே பயமா இருக்கும். அதுவும் சாஞ்சுடுச்சு. படுகையில அவங்க எள்ளு போட்டுக்கிட்டிருந்த எடமெல்லாம் பாளம் பாளமா வெட்டி விட்ட மாதிரி ஆத்துல விழுந்துச்சு. கரைக்கும் ஆத்துக்கும் நடுவுல அவ்வளவு எடம் இருந்துச்சும்மா முன்ன. மாடு மேயும், பசங்க பந்தாடுவாங்க. ஒவ்வொரு வருஷமும் தண்ணி வடிஞ்சப்புறம் நான் திட்டுல நின்னு பாப்பேன். அந்த மஞ்ச வீடு ஆத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கும். வீடா நடந்து வருது? ஆறுதான் அந்தப் பக்கமா போவுது.

எனக்குத் தூக்கம் கெட்டது அப்பத்துலேருந்துதான். மேல எங்கயோ மணல அள்ளி ஆத்தக் கெணறு மாதிரி ஆக்கிட்டானுங்க, அதான் கரை சரியுதுன்னு இவரு சொல்லுவாரு. அணையில தண்ணிய நிதானமா தொறக்கத் தெரியலன்னு சொல்லுவாரு. நானும் புங்கந்துறைக்காரங்களத் திட்டியிருக்கேன். ஆட்ட விட்டுக் கரைப் புல்ல மேய்ச்சா கரை நிக்குமா? நாங்க பாருங்க, மூங்கில் வெச்சிருக்கோம், எங்க மண்ணு ஒரு பிடி நகரல. இதச் சம்பந்தியம்மாகிட்டயே சொன்னேன். அவங்க வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டே இருந்தாங்க.

பாலம் வந்துடுச்சா? ஐயோ, நீங்க பேசிக்கிட்டே இருங்கம்மா. இல்ல, நான் பேசுறேன். நீங்க மட்டும் போயிடுச்சுன்னு சொல்லுங்க.

போயிடுச்சா? சரி.

போன கோடையில ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்துச்சு. நஸ்ரின்னு பேரு. ஒல்லியா, தலையில துண்டு கட்டிக்கிட்டு, கூட ரெண்டு ஆளுங்க. ஆத்த இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குக் கயிறு பிடிச்சு அளந்தாங்க. ஒரு படகுல போயிப் போயி ஆழம் பாத்தாங்க. வெயில்னா அப்படி வெயில். நான்தான் கூப்பிட்டு எங்க கொட்டாயில உட்கார வெச்சு மோரு குடுத்தேன். அந்தப் பொண்ணு குடிச்சுட்டு, "அம்மா, இந்தச் சொம்புல பாதிக்கு மண்ணு கெடந்தா எவ்வளவு மோரு பிடிக்கும்?"னு கேட்டுச்சு.

"பாதிதான் பிடிக்கும்"னேன்.

"முழுச் சொம்பு மோர அதுல ஊத்துனா?"

"வழிஞ்சு போவும்."

"எந்தப் பக்கம் வழியும்மா?"

"எந்தப் பக்கம் வாயி தணிஞ்சிருக்கோ அந்தப் பக்கம்"னேன்.

அது திரும்பி வடகரையப் பாத்துச்சு. அந்த மஞ்ச வீட்டையே பாத்துச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் போயிட்டேன்.

அப்புறம் அது இவருகிட்ட பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. "ஐயா, ஆறு ஒரு பக்கம் மண்ணப் போட்டு வழி அடைஞ்சா இன்னொரு பக்கம் வெட்டிக்கிட்டு வழி தேடும். நீங்க முள்ளு கட்டக் கட்ட அந்தக் கரைதான் சரியும். அதோட ஆத்துத் தரையும் ஏறியிருக்கு. முன்ன வந்த அதே தண்ணி இனிமே வந்தா அதே ஒசரத்துல போவாது, மேல ஏறித்தான் போவும். வர்ற வெள்ளத்துக்கு முன்ன இந்த முள்ளையும் மூங்கிலையும் எடுத்துட்டீங்கன்னா, ஆறே கொஞ்சம் கொஞ்சமா மண்ணக் கொண்டுபோயிடும்." அவரு சிரிச்சுக்கிட்டே, "பாப்பா, நான் பொறந்ததே இந்த ஆத்துலதான்"னாரு. அந்தப் பொண்ணு, "அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்"னுச்சு. மேல மணல் அள்றதுனாலயும் கரை அரிக்குதான்னு இவரு கேட்டாரு. ஆமாம், அதுவும் ஒரு காரணம்தான்னு சொல்லிச்சு. பாத்தீங்களா? அதுவே ஒத்துக்கிச்சு. இவரு ஊரு பூரா அதத்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இஞ்சினியரே சொல்லிட்டாங்க, மணல் அள்றவனாலதான்னு.

அப்புறம் ஆடி முடிஞ்சு, ஆவணியில அது நடந்துச்சு.

மழையே இல்லம்மா. அதுதான் எனக்கு இன்னும் பயம். மழ பேஞ்சு, இடி இடிச்சு, காத்தடிச்சு வெள்ளம் வந்தா, வருதுன்னு மனசுக்குத் தெரியும். அன்னிக்கு வானம் பளிச்சுனு இருந்துச்சு. கொடியில போட்ட துணி காஞ்சு மொடமொடன்னு ஆயிடுச்சு. மைக்கு கட்டுன ஆட்டோ வந்து, மேட்டூருல உபரித் தண்ணி தொறந்திருக்கு, கரையோரத்துல இருக்கறவங்க மேட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. எவ்வளவு தொறந்திருக்காங்கன்னு சொன்னதும் எங்க ஊருக்காரங்க அசையவே இல்ல. "அன்னிக்கு வந்த பெரிய வெள்ளத்துலயும் இவ்வளவுதான் தொறந்தான், கரைக்கு ஒரு ஆளு ஒசரம் கீழயே போயிடுச்சு"ன்னு டீக்கடையில பேசுனாங்க. நாங்க மாட்ட ஓட்டிக்கிட்டு, மோட்டார அவுத்துக்கிட்டு, திட்டுலேருந்து இக்கரைக்கு வந்துட்டோம்.

தண்ணி வந்துச்சு. சத்தமே போடல. அது பாட்டுக்கு வந்துச்சு, ஏறுச்சு, நிக்கவே இல்ல. நாணல் முங்குச்சு. கரைச் சரிவுல ஒரு வேப்பமரம் இருக்கும், அதோட அடிக்குத் தண்ணி வந்ததா எங்க மாமனாரு காலத்துலகூடப் பேச்சு இல்ல. அந்த மரத்தோட இடுப்புல தண்ணி சுத்திக்கிட்டுப் போச்சு. அதே தண்ணிதானாம்மா. அணையில தொறந்தது அதே அளவுதான். ஆனா ஆறு அந்த ஆறு இல்ல. டீக்கடையில பேசுனவங்க ஒருத்தர் மொகத்துலயும் ரத்தம் இல்ல.

எங்க திட்டு நின்னுச்சு. மேல்தலையில முள்ளும் மூங்கிலும் தண்ணியப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. தண்ணி அதுல மோதி, நுரை தள்ளி, ரெண்டாப் பிரிஞ்சு, எங்க பக்கம் கொஞ்சமா வந்துச்சு. மிச்சம் பூரா அந்தப் பக்கம் திரும்பி, சாஞ்சு, வேகமெடுத்துப் போச்சு. இவரு என் தோளப் பிடிச்சு உலுக்கிட்டு, "நிக்குதுடி! பாத்தியா, நிக்குதுடி!"ன்னாரு. கண்ணுல தண்ணி அவருக்கு. எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது, சந்தோஷம்தான்.

அப்பதான் போனு அடிச்சுது. கோதை.

"அம்மா, கரைக்கு இந்தப் பக்கம் எங்க கொல்லையில ஊத்து கெளம்புதும்மா"ன்னுச்சு.

கொரல் வேற மாதிரி இருந்துச்சு. சின்னப் புள்ளையில பாம்பு பாத்துட்டு வந்து ஒரு தடவ அப்படிப் பேசியிருக்கு. கத்தாது. மெதுவா பேசும்.

"தரைக்குள்ளேருந்து மண்ணும் தண்ணியுமா கொப்புளிக்குதும்மா. அவரு ஆளுங்களோட மணல் மூட்ட போடப் போயிருக்காரு. அத்தையத் தூக்க ஆளு இல்ல. பாப்பா தூங்குது."

சம்பந்தியம்மா ஆனி மாசம் கெணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு கட்டிலோட கெடந்தாங்க. பாப்பா அப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருந்துச்சு.

நான் இவரப் பாத்தேன். "நீ போ, நான் இங்க பாத்துக்கறேன்"னாரு. வாழ தாரு தள்ளியிருந்த நேரம். அவருக்கும் வேற என்ன செய்ய முடியும்?

எங்க அண்ணன் மகன் பாண்டுரங்கன் வண்டியில உட்கார்ந்து வந்தேன். இப்ப வந்தமே, இந்தப் பாலம்தான். பாலம் பூரா சனம். வேடிக்க பாக்க வந்திருக்காங்க. புள்ளைங்களத் தோளுல தூக்கிக்கிட்டு, போனத் தூக்கிப் படம் பிடிச்சுக்கிட்டு. போலீஸ்காரரு கயிறு கட்டி வண்டிய விடமாட்டேன்னுட்டாரு. நான் எறங்கி ஓடினேன். கீழ பாக்காதன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா பாத்துட்டேன். தூண்ல தண்ணி வந்து அறையறப்ப பாலம் அதிருதும்மா. உள்ளங்கால் வழியா ஏறி பல்லு வரைக்கும் வருது. ஒரு முழுத் தென்னமரம் வேரோட வந்து தூணுல இடிச்சு, ஒரு சுத்து சுத்தி, நேரா வடகரைப் பக்கமாப் போச்சு. எல்லாமே அந்தப் பக்கமாத்தான் போச்சு.

வடகரை மேல ஏறினப்ப ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஊரு. ஆறு மேல இருக்கு, ஊரு கீழ இருக்கு. குடிசைக் கூரையெல்லாம் தண்ணி மட்டத்துக்குக் கீழ. யாரோ ஒரு பெரிய அண்டாவத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. கைய எடுத்தா முடிஞ்சுது. கரை மண்ணு காலுக்குக் கீழ மெதுமெதுன்னு இருந்துச்சு. ஓரத்துல வெடிப்பு விட்டு, வெடிப்புக்குள்ள தண்ணி மின்னுது. மாப்பிள்ளை செழியன் சட்டையில்லாம, கழுத்து வரைக்கும் சேறு, மூட்டையத் தூக்கித் தூக்கிப் போடுறாரு. போட்ட மூட்டை உள்ள போயிடுது. அடியில ஆறு அரிச்சுக்கிட்டே இருக்கு. என்னப் பாத்துட்டு, "அத்த, வீட்டுக்குப் போங்க! அம்மாவத் தூக்குங்க!"ன்னு கத்துனாரு.

கொல்லையில தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு இருந்துச்சு. சோறு கொதிக்கிற மாதிரி, நடுவுல எழும்பி, சுத்தி மண்ணக் குமிச்சு. கோதை பாப்பாவ இடுப்புல கட்டியிருந்தா. சம்பந்தியம்மா, "என்ன விட்டுட்டுப் போங்கடி, புள்ளையத் தூக்கிட்டுப் போங்க"ன்னு ஒரே பேச்சு. கோதை, "அத்த, வாய மூடுங்க"ன்னுச்சு. மாமியார அப்படிப் பேசுற பொண்ணே இல்ல அது. நாங்க ரெண்டு பேரும் கயித்துக் கட்டிலோட தூக்கினோம். நான் தலமாடு, அவ கால்மாடு. வாசப்படி தாண்டறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடுச்சு. தெருவுக்கு வந்தா ஆளுங்க ஓடுறாங்க. ஒரு ஆளு பாதி வழியில வந்து கட்டிலப் பிடிச்சாரு. அவரு யாருன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல.

பள்ளிக்கூடத்து மேட்டுக்கு நாங்க ஏறிக்கிட்டிருக்கப்ப பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு. பெருசா எல்லாம் இல்ல. ஈரத்துணியக் கிழிச்ச மாதிரி. திரும்பிப் பாத்தேன். கரை இருந்த எடத்துல தண்ணி நிக்குது. செவுரு மாதிரி நிக்குது. அப்புறம் விழுந்துச்சு. அந்த மஞ்ச வீடு ஒடையல, சாயல. உப்புக்கல்லு மாதிரி அடியிலேருந்து கரைஞ்சு உக்காந்துடுச்சு. கூரை மட்டும் கொஞ்ச தூரம் மெதந்து போச்சு. சுத்துச்செவுரு கட்டக் கொட்டி வெச்சிருந்த செங்கல், கொட்டாயி, எள்ளு மூட்ட, கோதையோட தையல் மிஷினு, எல்லாம். மாப்பிள்ளை அந்த எடத்துலதான நின்னாரு? கோதை பாப்பாவோட தலைய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் கழிச்சு, ஒடைப்புக்கு அந்தப் பக்கமா கரை மேல, மாப்பிள்ளை கையத் தூக்கி ஆட்டுறது தெரிஞ்சுது. அப்பத்தான் அவ தரையில உக்காந்தா.

நான் அவ பக்கத்துல போயி, "அழாதடி, உசுரு இருக்குல்ல. நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. எல்லாரும் வந்துடுங்க"ன்னேன்.

அவ என்னப் பாக்கல. ஆத்தப் பாத்தா. வெயிலு நல்லா அடிக்குது. தண்ணிக்கு நடுவுல எங்க திட்டு பச்சப்பசேல்னு நிக்குது. ஒரு வாழகூட சாயல. கோதை கையக் காட்டிச் சொன்னா:

"தண்ணி போற வழியில நீங்க குடியிருக்கீங்கம்மா. நாங்க குடியிருக்கற வழியா தண்ணி போவுது."

அதிர்ச்சியில பேசுறான்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அந்த நேரத்துல ஏதாவது பேசத்தான் செய்வாங்க. முதுகத் தடவிக்குடுத்தேன். அவ நகந்து உக்காந்துக்கிட்டா.

அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுப் படி ஏறலம்மா. பள்ளிக்கூடத்துலயே இருந்தாங்க, அப்புறம் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுல ஒரு அறையில. நான் அரிசி எடுத்துட்டுப் போனேன். சம்பந்தியம்மா வாங்கி வெச்சாங்க. கோதை உள்ள புள்ளையத் தூங்க வெச்சுக்கிட்டிருக்கான்னு சொன்னாங்க. புள்ள உள்ளாற சிரிக்கிறது எனக்குக் கேக்குது.

வெள்ளம் வடிஞ்சு நாங்க திட்டுக்குப் போனா, மொழங்கால் ஒசரத்துக்குப் புது வண்டல். இவரு குனிஞ்சு அள்ளி மோந்து பாத்தாரு. அவருக்கு மொகத்துல சிரிப்பு வந்துடுச்சு. அந்த ஆள நான் குத்தம் சொல்லல. மண்ண நம்பி இருக்கறவருக்கு மண்ணப் பாத்தா சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனா எனக்கு அன்னிக்கு அந்த மண்ணுல கால வைக்க முடியல. ஏன்னு தெரியல. ஈரமா, சில்லுனு, என்னமோ உசுரு இருக்கற மாதிரி இருந்துச்சு. அதுல ஏதோ மஞ்சளா மின்னுச்சு. சுண்ணாம்புக் காரை. எந்த வீட்டுதோ. மேலேருந்து எத்தன ஊரு வீடு வந்திருக்கும்? புங்கந்துறை மண்ணு எங்க திட்டுக்கு எப்படி வரும்? ஆறு மேலேருந்து கீழதான போவும். நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். இருந்தாலும் அன்னிலேருந்து நான் அங்க போவல.

இன்னிக்கு எங்க போறேன்னு கேட்டீங்கள்ல? புங்கந்துறை பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டம். அதிகாரிங்க வராங்க. அந்த இஞ்சினியர் பொண்ணும் வருதாம். எங்க திட்டுல மிஷின் விட்டு வெட்டி ஆத்துக்கு நடுவுல வழி விடணும்னு புங்கந்துறைக்காரங்க கேக்குறாங்க. வடகரைக்காகப் பேசப்போறது யாருன்னு நெனைக்கிறீங்க? என் பொண்ணுதான். மாப்பிள்ளைகூட இல்ல. அவதான் பேசுறேன்னு சொல்லியிருக்காளாம்.

எங்க பக்கம் பேசறதுக்கு நாலஞ்சு குடும்பமும் சேந்து என்ன அனுப்பியிருக்காங்க. இவரு யோசனதான் அது. "நீ போயி நில்லு, பெத்தவ மொகத்தப் பாத்துட்டு அவ எப்படிப் பேசுவா"ன்னாரு. என்ன சொல்லணும்னு எல்லாம் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காரு. மண்ண நாங்களா கொண்டாந்து போட்டோம்? ஆறுதான போட்டுச்சு? மேல மணல் அள்றவனக் கேக்காம எங்கள ஏன் கேக்குறீங்க? பாடுபட்ட வாழைய வெட்டுனா நாங்க எங்க போவோம்? இதெல்லாம் நெசம்தானம்மா? நீங்க சொல்லுங்க, வெளி ஊருக்காரங்க, உங்களுக்கு ஒரு பக்கமும் இல்ல. நெசம்தான?

ஏம்மா, ஆத்துப் பக்கமா திரும்பிக்கிட்டீங்க?

என்னம்மா, பஸ்ஸு மெதுவா போவுது? வந்துடுச்சா? கொஞ்சம் தள்ளிக்குங்க, நான் அந்தப் பக்கம் பாக்கணும். இல்ல, ஆத்தப் பாக்கல. ரோடு கரையிலேருந்து எறங்கி வளையுதுல்ல, இங்க பள்ளிக்கூடம் உங்க ஜன்னல் பக்கமா வரும்.

அதோ கேட்டு வாசல்ல கூட்டம். பச்ச சேல கட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க, இடுப்புல புள்ளையோட. அவதான் எங்க கோதை. எளச்சுப் போயிட்டா. பக்கத்துல நிக்கறதுதான் அந்த இஞ்சினியர் பொண்ணு. புள்ள நல்லா வளந்துடுச்சு, பாருங்க, நிக்கப் பாக்குது, கீழ எறக்கி விடச் சொல்லுது. ஐயோ, பஸ்ஸத்தான் பாக்குறா. ஒவ்வொரு ஜன்னலா பாக்குறா. நான் வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

குனிஞ்சுக்கிட்டேன், என்ன மறைக்கிற மாதிரி கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

கண்டக்டர் என்ன கத்துறாரு? புங்கந்துறை யாருன்னா? நான்தான். நீங்க சொல்லாதீங்க. பேசாம இருங்க. இந்த நெஞ்சு அடிக்கிற அடியில என்னால எந்திரிக்கவே முடியாதும்மா. பாலத்துல அதிர்ந்துச்சே, அதே மாதிரி.

விசில் குடுத்துட்டாரு.

எடுத்துட்டாங்களா? போயிடுச்சா பள்ளிக்கூடம்?

அவ இன்னும் பஸ்ஸயே பாத்துக்கிட்டு நிக்கிறாளா, கொஞ்சம் திரும்பிப் பாத்துச் சொல்லுங்கம்மா.